எட்டாம் கற்பனையும் எங்கள் சபையின் வாட்ஸ்ஆப் குழுவும்

வேப்பமரத்தடி | ஞாயிறு இரவு 9.40

ஒரு தப்பு செய்துவிட்டேன். அதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

நாங்கள் மூன்று தலைமுறையாக லுத்தரன் குடும்பம், அதாவது பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியின் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் வழிவந்த சபையார். ஊர், காவிரி கடலில் சேரும் பக்கம். எங்கள் சபைக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது, 212 பேர். விடிந்ததும் வசன அட்டை, பிறகு பிறந்தநாள் கேக், ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு ஜெப விண்ணப்பம், அவசரமாக ரத்தம் தேவை, நடுநடுவே மஞ்சள் பாலின் மகிமை. குறை சொல்லவில்லை. என் தகப்பனார் ஐசியுவில் கிடந்த இரவில் அந்தக் குழுவில் வந்த ஜெபங்களைத்தான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை நடந்தது. வாழைத்தார், பூசணி, சேவல், ஒரு மூட்டை நெல் எல்லாம் வழக்கம்போல ஏலம் போயின. எட்டு நாள் கழித்து நண்பர் ஒருவர் எனக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினார். யாருடைய குரல் என்று தெரியவில்லை. ஏலப் பணம் இன்னும் வங்கிக்குப் போகவில்லையாம். பொருளாளர் வீட்டில் புது ஃபிரிட்ஜ் இறங்கியிருக்கிறதாம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று முடிந்தது.

பஸ்ஸில் நின்றபடி கேட்டேன். கேட்ட கையோடு பதினான்கு பேருக்கு அனுப்பினேன். ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது. 2018இல் நம் நாட்டில் வதந்தியால் ஆட்களை அடித்துக் கொன்ற பிறகு கொண்டுவந்த வரம்பு அது. ஐந்தோடு கை நின்றால் மனிதன் யோசிப்பான் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. மூன்று தடவை அனுப்பினேன்.

இரவில் வேறு யாரோ அதே பதிவைச் சபைக் குழுவிலும் போட்டார்கள். அதன் கீழே நான், என் சொந்தப் பெயரில், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று எழுதினேன்.

நெருப்பே இல்லை. பணம் ஒரு ரூபாய் குறையவில்லை. ஃபிரிட்ஜ், வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பியது. இன்று ஆராதனை முடிந்ததும் ஐயர், அதாவது எங்கள் போதகர், கணக்கை வாசித்தார். பொருளாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் முதல் பெஞ்ச்.

திடப்படுத்தல் வகுப்பில், லுத்தர் எழுதிய கேள்வி பதில் பாடமான சிறிய ஞானோபதேசத்தை நான் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தவன். பத்துக் கற்பனைகளில் எட்டாவதான "பொய்ச்சாட்சி சொல்லாதே" என்பதற்கு லுத்தர் எழுதிய விளக்கம், பொய் சொல்லாதே, புறங்கூறாதே என்பதோடு நிற்காது. அயலானுக்காகப் பரிந்து பேச வேண்டும், அவன் செய்வதற்கெல்லாம் கூடியமட்டும் நல்ல அர்த்தம் கொள்ள வேண்டும் என்று போகும். பதினான்கு வயதில் அதைச் சொல்லி முழு மதிப்பெண் வாங்கினேன். ஐம்பத்திரண்டு வயதில் ஃபிரிட்ஜுக்கு ஒரு நல்ல அர்த்தம் எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி இதுதான். மன்னிப்பை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்பதா, குழுவில் எழுதுவதா?

---

நாசரேத்து அண்ணாச்சி | ஞாயிறு இரவு 10.05

தோத்திரம். முதலில் ஒரு திருத்தம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது ஒன்பதாம் கற்பனை. எட்டு, களவு செய்யாதே.

வீட்டுக்குப் போங்கள். குறையைத் தனியே நேரில் பேசச் சொல்லும் மத்தேயு 18 போதும். குழுவில் எழுதினால் மன்னிப்புக்குக் கீழேயும் நான்கு பேர் மஞ்சள் முகம் போடுவார்கள்.

---

வேப்பமரத்தடி | ஞாயிறு இரவு 10.11

அண்ணாச்சி, உங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கணக்கில் ஒன்பது. எங்களுக்கும் ரோமன் கத்தோலிக்கருக்கும் எட்டு. விக்கிரகம் பற்றியதை நாங்கள் முதல் கற்பனைக்குள் அடக்கிவிட்டு, இச்சையைக் கடைசியில் இரண்டாகப் பிரிக்கிறோம். எந்தக் கணக்கில் வைத்தாலும் நான் மீறியது மீறியதுதான்.

---

ஈய எழுத்து | திங்கள் காலை 6.20

நான் முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவன். எனவே என் பதில் தொழில் சார்ந்தது.

பத்திரிகையில் தப்பு முதல் பக்கத்தில் வரும், திருத்தம் ஏழாம் பக்கத்தில் மருந்து விளம்பரத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் வரும். அதை என் கையால் கோத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கை கூசும். தப்பு எந்த இடத்தில், எந்த அளவு எழுத்தில் வந்ததோ அதே இடத்தில் அதே அளவில் திருத்தமும் வர வேண்டும். நீங்கள் 212 பேருக்கு முன்னால் எழுதினீர்கள். 212 பேருக்கு முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

இன்னொன்று. எங்கள் காலத்தில் ஒரு பொய்யை அச்சிடுவதற்குக்கூட உடல் நோக வேண்டும். எழுத்தெழுத்தாகப் பொறுக்கி, தலைகீழாகக் கோத்து, மை தடவி, புரூஃப் எடுத்து, படித்து, திருத்தி, மறுபடி எடுத்து என்று போகும். அதற்குள் யாராவது ஒருவர் "இது உண்மையா?" என்று கேட்டுவிடுவார். உங்கள் சபையே அச்சோடு பிறந்த சபை. தரங்கம்பாடியில் முதல் லுத்தரன் மிஷனரியான சீகன்பால்கு ஐயருக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து 1713இல் வந்த தமிழ் எழுத்துகள் அளவுக்கு மீறிப் பெரியவை. அப்படியே அச்சிட்டால் காகிதம் கட்டாது. எனவே சின்ன எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். ஈயம் போதவில்லை. லண்டனிலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள். காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாறில் ஆலை போட்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. ஒரு வார்த்தை ஊருக்குள் போவதற்கு அவ்வளவு பாடு. உங்களுக்கு ஒரு கட்டைவிரல் போதும்.

---

முத்துக்குளித்துறை | திங்கள் காலை 7.02

தமிழ் அச்சு தரங்கம்பாடியில் தொடங்கவில்லை. 1578இல் கொல்லத்தில் போர்த்துக்கீசியக் கத்தோலிக்கக் குரு அண்டிரிக் அடிகளார் "தம்பிரான் வணக்கம்" அச்சிட்டுவிட்டார். பதிவுக்காக மட்டும் சொல்கிறேன்.

---

ஈய எழுத்து | திங்கள் காலை 7.15

மறுக்கவில்லை ஐயா. லுத்தரன் சபைக்கு அச்சு கூடவே பிறந்தது என்றேன், தமிழுக்கு முதல் அச்சு என்று சொல்லவில்லை.

---

ஹாலே வாசகி | திங்கள் பிற்பகல் 2.30

ஐயா எழுதியது படிக்க இன்பமாக இருக்கிறது. ஆனால் மெதுவாகப் போனால் வார்த்தை காயப்படுத்தாது என்பதை நான் ஏற்கவில்லை. நான் இப்போது ஹாலேயில் படிக்கிறேன். தரங்கம்பாடிக் கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் இங்கே ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சீகன்பால்கு 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறினார். தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. ஏறத்தாழ ஏழரை மாதம். ஒரு கடிதமும் அதே வேகத்தில்தான் போகும். கோபத்தில் எழுதியவன் பதில் வருவதற்குள் ஆறியிருப்பான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கோபன்ஹேகனில் மிஷன் செயலாளராக இருந்த வெண்ட் இந்தியாவைக் கண்ணால் பார்த்தவரில்லை. சீகன்பால்கு மிஷனை நடத்தும் விதமே தவறு என்று கண்டித்துக் கடிதம் எழுதினார். கட்டடம், ஆலயம், திருமணம், செலவு எல்லாமே குற்றம். அந்தக் கடிதம் மாதக்கணக்கில் கடலில் மிதந்து வந்தது. உடல் நலிந்திருந்தவரை அது உடைத்துவிட்டது என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1719 பிப்ரவரியில் இறந்துபோனார். வயது 36. கடிதம் அத்தனை மெதுவாகத்தான் வந்தது. அதில் எங்கே கருணை இருந்தது?

தூரத்தில் இருப்பவனுக்கு எதிராளியின் முகம் தெரிவதில்லை. வெண்டுக்கும் தெரியவில்லை, பஸ்ஸில் நின்ற நம் நண்பருக்கும் தெரியவில்லை.

இன்னொரு சுவையான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மிஷனரிகள் தமிழர்களிடம் எழுத்தில் கேள்விகள் கேட்டு, அவர்கள் எழுதிய 99 கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். மலபார்க் கடிதங்கள் என்பார்கள். எங்கள் ஒழுக்கத்தைக் குறை சொல்கிறீர்களே, உங்கள் கிறிஸ்தவர்கள் இங்கே எப்படி நடக்கிறார்கள் என்று எழுதியவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அருமையான விவாதம். ஆனால் அச்சில் அடிக்குறிப்பு போட்டு மறுப்பவர் வேறொருவர். அந்த மறுப்பு ஜெர்மன் மொழியில், ஐரோப்பாவில் வெளியாகிறது. கடிதம் எழுதிய தமிழர் அதைப் பார்த்திருக்கவே வழியில்லை. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே பார்க்க முடியாதவர் அப்போதும் இருந்தார். உங்கள் பொருளாளராவது குழுவில் இருக்கிறாரா?

---

வேப்பமரத்தடி | திங்கள் மாலை 5.50

இருக்கிறார் அம்மா. நான் எழுதியதற்கு அடியில் அவர் பெயரிலும் நீலக்குறி விழுந்திருக்கிறது. நேற்றுத்தான் அழுத்திப் பார்த்தேன். இரவு 11.48.

---

சந்தேகத் தோமா | திங்கள் இரவு 8.15

எல்லாரும் லுத்தரை மேற்கோள் காட்டுகிறீர்கள். அயலானுக்கு நல்ல அர்த்தம் கொள் என்று எழுதிய அதே கை வேறு என்னென்ன எழுதியது என்று யாரும் சொல்லவில்லையே?

அவரும் அன்றைய சமூக ஊடகத்தில் ஊறியவர்தான். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அவர் எழுதிய, 1517 அக்டோபர் 31 தேதியிட்ட 95 கூற்றுகள் லத்தீனில் எழுதப்பட்டவை, பண்டிதர் விவாதத்துக்கு உரியவை. அந்த வருடம் முடிவதற்குள் லைப்சிக், நியூரம்பர்க், பாசல் நகரங்களில் அச்சாகிவிட்டன. அடுத்த வருடமே அவர் உத்தியை மாற்றினார். பாவமன்னிப்புச் சீட்டு பற்றி ஜெர்மன் மொழியில் சின்னப் புத்தகம், சின்ன வாக்கியங்கள், சாதாரண ஆள் வாங்கிப் படிக்கும் விலை. பதிப்பு பதிப்பாக ஓடியது. எது பரவும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு போப்பாண்டவரைக் கழுதையாகவும் பேயாகவும் வரைந்த, லுத்தரின் ஓவிய நண்பர் கிரனாக்கின் பட்டறைப் படங்கள் வந்தன. இன்றைக்கு அதை மீம் என்கிறோம். 1543இல் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள் என்றே அச்சில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் நாஜிகள் அதைத் தேடி எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

எட்டாம் கற்பனையின் விளக்கம் 1529. மற்றது 1543. பதினான்கு வருடத்தில் அவருக்கே மறந்துவிட்டது.

---

உபதேசியார் மகள் | செவ்வாய் காலை 5.45

தோமா அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. எங்கள் வீட்டில் லுத்தர் படம் மாட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் சுவரில் காரையும் பெயர்ந்திருக்கிறது. 1543 எழுத்தை லுத்தரன்களே வெளிப்படையாகத் தள்ளிவிட்டார்கள். அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபை 1994இல் அறிக்கை வெளியிட்டு, யூத மக்களிடம் தன் துக்கத்தைச் சொன்னது. நானூற்றைம்பது வருடம் பிந்திய திருத்தம்தான். ஆனாலும் ஈய எழுத்து ஐயா கேட்டதுபோல எல்லாரும் பார்க்கும் இடத்தில் வந்தது.

அதே 1529இல் லுத்தர் பெரிய ஞானோபதேசமும் எழுதினார். அதில் இந்தக் கற்பனைக்குப் பல பக்கங்கள். புறங்கூறுகிறவர்களைச் சாணியில் மூக்கை விட்டுக் கிளறும் பன்றிகளுக்கு ஒப்பிடுகிறார் (கற்பனையை விளக்கும்போதே வசவு வந்துவிடுகிறது, மனிதர் அப்படி). அயலான் பாவம் உனக்குத் தெரிவது வேறு, அதற்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் வேறு என்று பிரிக்கிறார். யாராவது உன்னிடம் வந்து இன்னாரைப் பற்றிச் சொன்னால், "அவரிடமே போய்ச் சொல்" என்று திருப்பி அனுப்பு என்கிறார். வேலைக்காரன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் அவனிடம்தானே சொல்வாய், தெருவில் போய் அண்டை வீட்டாரிடமா சொல்வாய் என்று கேட்கிறார். கடைசியில் ஒரு விலக்கும் உண்டு. எல்லாருக்கும் வெளிப்படையாகத் தெரிந்த பாவத்தை வெளிப்படையாகவே கண்டிக்கலாம். வேப்பமரத்தடி அண்ணன் எழுதிய வரி வெளிப்படையானது. எனவே பாதி விடை அங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதி எனக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. 2020 ஊரடங்கில் பெரிய வெள்ளி, ஈஸ்டர் இரண்டும் எங்கள் வீட்டில் ஐந்து அங்குலத் திரையில் நடந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி. இன்றுவரை யூடியூப் நேரலைதான் அவளுடைய ஆலயம். ஆராதனை தொடங்குமுன் திரைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, தலையில் முக்காடு போட்டு உட்காருவாள். ஞானப்பாட்டு வந்தால் எழுந்து நிற்க முடியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்வாள். ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்போது என்னை மிக்சியை நிறுத்தச் சொல்வாள். அதைப் பார்த்த யாரும் திரை வழியாக வார்த்தை வராது என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் திருவிருந்தை மட்டும் அவள் திரைக்கு முன்னால் எடுத்துக்கொண்டதில்லை. நான் அப்பமும் திராட்சரசமும் வாங்கி வைக்கிறேன் என்றபோது வேண்டாம் என்றுவிட்டாள். "அது யாராவது என் கையில் வைக்க வேண்டியது" என்றாள். அந்த நாட்களில் அமெரிக்க லுத்தரன் சபையும் தன் சபைகளுக்குத் திரைவழித் திருவிருந்து வேண்டாம் என்றுதான் வழிகாட்டியது. அம்மாவுக்கு அது தெரியாது. பிறகு ஐயர் முகக்கவசத்தோடு வீட்டுக்கே வந்து கொடுத்தார்.

வார்த்தை கம்பி வழியாக வரும், அப்பம் வராது. மன்னிப்பு எந்த வகை? நான் கேட்டுப் பார்த்ததில் அது இரண்டும் கலந்தது. குழுவில் எழுதுங்கள் அண்ணன், அது வார்த்தை. ஆனால் முதலில் வீட்டுக்குப் போங்கள். அவர் கையில் வைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

---

நாசரேத்து அண்ணாச்சி | செவ்வாய் காலை 8.30

நான் வீட்டுக்கு மட்டும் போகச் சொன்னேன். தங்கச்சி சொல்வது அதைவிடச் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை. குழுவில் எழுதும்போது "யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்" என்று எழுதிவிடாதீர்கள். பொதுப் பாவ அறிக்கை சொல்வதில் நாம் எல்லாச் சபையாரும் கெட்டிக்காரர்கள். நினைவினால், சொல்லினால், செயலினால் என்று ராகம் போட்டுச் சொல்வோம். எந்தச் சொல் என்று மட்டும் சொல்ல மாட்டோம்.

---

குழு நிர்வாகி | செவ்வாய் பகல் 12.10

வேறொரு சபையின் குழுவுக்கு நான் அட்மின். இப்படி ஒரு சண்டை வந்தபோது, நிர்வாகிகள் மட்டும் பதிவிடலாம் என்று மாற்றிவிட்டேன். இப்போது பரம அமைதி. பரிந்துரைக்கிறேன்.

---

உபதேசியார் மகள் | செவ்வாய் பகல் 12.25

அமைதிதான். ரத்தம் வேண்டும் என்று யாரிடம் கேட்பார்கள்?

---

குழு நிர்வாகி | செவ்வாய் பகல் 12.31

எனக்குத் தனியே அனுப்பினால் நான் போடுவேன்.

---

சந்தேகத் தோமா | செவ்வாய் பகல் 12.40

ஆக, ஒரு போப்பாண்டவர் கிடைத்துவிட்டார்.

எனக்கு ஒரு சின்ன ஐயம். பணம் குறையவில்லை, சரி. எட்டு நாளாக ஏன் வங்கிக்குப் போகவில்லை? அதை யாரும் கேட்கவில்லையே?

---

வேப்பமரத்தடி | செவ்வாய் இரவு 10.20

இந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஏலத்தில் கேட்டவர்கள் எல்லாரும் உடனே பணம் கட்டுவதில்லை. பெயரை நோட்டில் எழுதிக்கொள்வார்கள், பிறகு கொடுப்போம். எல்லாம் சேர்ந்ததும் மொத்தமாக வங்கியில் போடலாம் என்று பொருளாளர் காத்திருந்தார். வராத பெயர்கள் ஒன்பது. ஆலயத்தில் கணக்கு வாசித்தபோது ஐயர் அந்தப் பெயர்களை வாசிக்கவில்லை. சில பாக்கிகள் இருந்ததால் தாமதம் என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாழைத்தார், 1,100 ரூபாய். அது நான் கேட்டது. பழம் முழுவதையும் தின்று முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டு, பணம் எங்கே என்று கேட்ட குரலை பதினான்கு பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

---

ஈய எழுத்து | செவ்வாய் இரவு 10.34

நாற்பது நிமிடமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுத நினைத்தேன். மணியைப் பார்த்தால் பதினான்கு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. போய்விட்டு வாருங்கள் தம்பி.

---

வேப்பமரத்தடி | ஞாயிறு மாலை 6.15

போனேன். புதன்கிழமை மாலை. முதலில் 1,100 ரூபாயைக் கொடுத்தேன். அவர் நோட்டை எடுத்துவந்து என் பெயருக்கு நேரே கோடு போட்டு, ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அதுவரை இருவரும் பேசவில்லை. அவர் வீட்டம்மா காபி கொண்டுவந்தார். அந்த ஃபிரிட்ஜ் கூடத்திலேயே நிற்கிறது. என் கண் அதன் பக்கம் போகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எழுதியது நான், அனுப்பியது நான், பணம் கொடுக்காததும் நான் என்று சொன்னேன். அவர், "நோட்டில் பார்த்தேன், அதனால்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை" என்றார். அவர் நினைத்திருந்தால் குழுவில் அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று கேட்டேன். "உங்களுக்குக் கஷ்டம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்" என்றார்.

குழுவில் எழுதட்டுமா என்று அனுமதி கேட்டேன். எழுதுங்கள், ஆனால் ஃபிரிட்ஜை இழுக்காதீர்கள், மகள் காதுக்குப் போனால் வருத்தப்படுவாள் என்றார். அண்ணாச்சி சொன்னபடி "இருந்தால்" என்ற சொல் இல்லாமல் ஆறு வரி எழுதினேன். வாழைத்தாரையும் சேர்த்தேன். நீலக்குறி 190க்கு மேல் விழுந்தது. பதில் எழுதியவர்கள் இருவர். அதில் ஒருவர் மஞ்சள் பால் பற்றி.

அந்தப் பதினான்கு பேரையும் ஃபோனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மூன்று நாள் ஆனது. ஐந்து பேருக்கு அப்படி ஒரு பதிவு வந்ததே நினைவில்லை. எந்தப் பொருளாளர் என்று கேட்டார்கள். இருவர் இன்னும் அது உண்மை என்றே சொல்கிறார்கள். மதுரையில் இருக்கும் என் மச்சான் அதைத் திறந்தே பார்த்திருக்கவில்லை. நான் கூப்பிட்டு விளக்கிய பிறகு, "இரு, கேட்டுவிட்டு வருகிறேன்" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

இன்று காலை பொருளாளர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.